இறங்காதிருக்கும் துணிவு

ராஜகிரி உச்சியில் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கோழிக்கோடு விமான நிலையம் நினைவுக்கு வரும். அதன் ஓடுபாதையும் மேட்டின்மேல்தான், முடிவில் பள்ளம்.

2020 ஆகஸ்டு 7 இரவு, மழையிலும் பின்காற்றிலும் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், 8,858 அடி ஓடுபாதையில் 4,438 அடி கடந்தபின்னரே தரைதொட்டது. பள்ளத்தில் வீழ்ந்து 21 உயிர்கள் போயின.

விமானி விதிமுறை தவறியதே முதற்காரணம் என்றது 2021-ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை. ஆனால் ஏன் தவறினார்? மறுநாள் காலை விமானத்தை அங்கிருந்து அவரே ஓட்ட வேண்டியிருந்தது. போதிய கேப்டன்கள் அங்கில்லை. நிறுவனத்தின் பணிக்கொள்கையே அக்குறைக்குக் காரணம் என்றும் அவ்வறிக்கை சுட்டிற்று.

மாணவ நண்பர்களே, விதிப்படி இறுதி முடிவு விமானியுடையது. எனினும், அதட்டல் வேண்டியதில்லை. பணிப்பட்டியலே அவரை நெருக்கிவிடும். மாற்று விமானியை ஆயத்தமாக வைத்திருப்பதும் பாதுகாப்பே.