கதிர்மூலங்களும் கடிதப் போக்குவரத்தும்

மும்பை மாநகரில் செம்பூரைக் கடந்து டிராம்பே நோக்கிச் செல்லும் வழியில் அணுசக்தி நகர் அமைந்துள்ளது. அணு ஆராய்ச்சியில் ஈடுபட்டோரின் குடியிருப்புகள் நிறைந்த இந்நகரில் ‘நியாமக் பவன்’ என்னும் கட்டடம் ஒன்று உண்டு. 1983ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நிறுவப்பெற்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைமையகம் இதுவே. அணுமின் நிலையங்களின் பாதுகாப்பை மேற்பார்வையிடுதல் இவ்வாரியத்தின் பணி என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் ஒரு சிற்றூர் மருத்துவமனையின் எக்ஸ்-கதிர்க் கருவியும், கொதிகலத்தின் பற்றவைப்பு இணைப்புகளைச் சோதிக்கும் காமாக் கதிர் ஒளிப்படக் கருவியும், புற்றுநோய் மருத்துவமனையின் கோபால்ட் கருவியும் இதே வாரியத்தின் கண்காணிப்புக்கு உட்பட்டவை என்பது அவ்வளவாக அறியப்படவில்லை.

இக்கருவிகளைச் செய்வோர், விற்போர், வாங்குவோர், இயக்குவோர் ஆகிய அனைவரும் வாரியத்துடன் எழுத்து மூலம் தொடர்பு கொள்ளக் கடமைப்பட்டவர்கள். 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின்கீழ் 2004இல் வகுக்கப்பட்ட கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் இதனை வற்புறுத்துகின்றன. நாடெங்கும் பல்லாயிரக்கணக்கான கருவிகள் இருக்க, ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம், வினா, விடை, அனுமதி, அறிக்கை எனப் பல மடல்கள் எழுதப்படுகின்றன. நெடுங்காலம் இவை அஞ்சலில் வந்து கோப்புகளில் அடங்கின. 2013ஆம் ஆண்டு ‘ஈ-லோரா’ எனப்படும் வலைவழி உரிம முறை செயற்படத் தொடங்கியது. இந்தியாவில் தந்திச் சேவை முடிவுற்றதும் அதே 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில்தான். இருவகைத் தொடர்பும் ஓராண்டில் இடம் மாறிக்கொண்டது தற்செயலே. எனினும் நினைவில் வைத்துக்கொள்ள ஏற்றது.

காலத்தாழ்வு ஏன் பெரிதாகிறது?

சாதாரண வணிகத்தில் ஒரு மடல் பத்து நாள் தாமதமானால் சரக்கு பத்து நாள் கிடங்கில் இருக்கும். கதிரியக்கப் பொருளோ கிடங்கில் இருக்கும்போதே தேய்கிறது. ஒரு கதிரியக்கப் பொருளின் வலிமை பாதியாகக் குறைவதற்குப் பிடிக்கும் காலத்தை அதன் அரை ஆயுட்காலம் என்பர். தைராய்டு நோய்க்குப் பயன்படும் அயோடின்-131க்கு இது சுமார் 8 நாள். மாலிப்டினம்-99க்கு 66 மணி. அதிலிருந்து மருத்துவமனையிலேயே பிரித்தெடுக்கப்படும் டெக்னீசியம்-99எம் என்பதற்கு 6 மணி. உடலின் உட்புறத்தைப் படம்பிடிக்க உதவும் ஃபுளோரின்-18க்கு 110 நிமிடமே. ஆகவே மாலிப்டினம் அடங்கிய பெட்டி, தாள் ஒன்று வந்து சேரவில்லை என்பதற்காக மூன்று நாள் விமான நிலையத்தில் கிடந்தால், உள்ளே இருப்பது பாதிக்கும் குறைவு. பெட்டியின் எடையில் வேறுபாடு தெரியாது, விலைச்சீட்டிலும் தெரியாது.

இரிடியம்-192 இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு. இதன் அரை ஆயுட்காலம் 74 நாள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு, சிறு தானியமணி போன்ற இரிடியம் மூலத்தைக் கம்பி ஒன்றின் முனையில் வைத்து, இயந்திரத்தின் துணையால் நோயுற்ற இடத்துக்கு மிக அண்மையில் செலுத்திச் சிகிச்சை அளிப்பர். புதிய மூலத்தைக் கொண்டு ஒரு நோயாளிக்கு 10 நிமிடத்தில் தரக்கூடிய கதிர்வீச்சை, 74 நாள் கழிந்த மூலத்தைக் கொண்டு தருவதற்கு 20 நிமிடம் வேண்டும். 148 நாள் கழிந்தால் 40 நிமிடம். இதனாலேயே மூன்று, நான்கு திங்களுக்கு ஒருமுறை மூலத்தை மாற்றுவது மருத்துவமனைகளின் வழக்கம்.

இங்கே ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். மாற்று மூலத்துக்கான அனுமதி, விண்ணப்பத்தில் ஒரு விவரம் விடுபட்டதால் 30 நாள் தள்ளிப்போயிற்று எனக் கொள்வோம். 30ஐ 74ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.405. இரண்டின் அடுக்காக இதனை வைத்துக் கணக்கிட, எஞ்சும் வலிமை நூற்றுக்கு 75 அல்லது 76 எனக் கிடைக்கும். அதாவது மாற்ற வேண்டிய நாளில் 20 நிமிடம் பிடித்த சிகிச்சைக்கு இப்பொழுது 26 நிமிடத்துக்கும் மேல் ஆகும். உடலினுள் கருவி பொருத்தப்பட்ட நிலையில் அசையாது படுத்திருக்கும் பெண்ணுக்கு அந்த ஆறு நிமிடம் சிறிதன்று. வெளியே காத்திருப்போரின் வரிசையும் அதற்கேற்ப நீளும். விடுபட்ட விவரமோ ஓர் ஊழியரின் பதிவு எண்ணாக இருந்திருக்கலாம்.

வலைவழி முறையின் போக்கு

ஈ-லோரா முறையில் முதற்கண் நிறுவனம் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. நிறுவனத் தலைவரின் பெயர், மின்னஞ்சல், கைப்பேசி எண் ஆகியவை சரிபார்க்கப்பட்ட பின் நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் கிடைக்கின்றன. கதிர்வீச்சுப் பணியாளர்களும், அவர்களுக்கு வழிகாட்டும் கதிரியல் பாதுகாப்பு அலுவலரும் பதிவு பெறுகின்றனர். கருவி அமையும் அறையின் வரைபடம் வேண்டப்படும் இடங்களில் அதுவும் இணைக்கப்படுகிறது. வாங்குவதற்கு அனுமதி, வந்து சேர்ந்ததற்கு அறிவிப்பு, தரச் சோதனையின் முடிவு, இறுதியில் இயக்குவதற்கு உரிமம் என்று படிப்படியாக இது நடைபெறுகிறது. உரிமம் பொதுவாக ஐந்தாண்டுக்கு உரியது.

இப்படிகள் யாவும் தாளிலும் இருந்தவைதாம். அவ்வாறாயின் வலை தந்த மாற்றம் யாது? விரைவு என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விடை. அது பாதி உண்மையே. அஞ்சலில் நான்கு நாள் சென்ற மடல் நான்கு நொடியில் செல்கிறது. ஆனால் அதைப் படித்து முடிவு செய்யும் மனிதருக்கு வேண்டிய காலம் அவ்வளவாகக் குறைவதில்லை. முதன்மையான மாற்றம் வேறொன்று. தாள்முறையில் வந்த மடலுக்குத்தான் கோப்பு உண்டு. வராத மடலுக்குக் கோப்பு இல்லை. பதிவேட்டு முறையிலோ, வரவேண்டிய மடல் வராமற் போனாலும் அதற்கான இடம் வெறுமையாக நின்று தன்னைக் காட்டிக் கொடுக்கிறது. மூலம் அனுப்பப்பட்டது என்று விற்றவர் பதிந்தார். வந்தது என்று வாங்கியவர் பதியவில்லை. இவ்வெறுமையே ஒரு செய்தி.

மௌனத்தின் விலை: மாயாபுரி, 2010

மௌனம் எவ்வளவு தீங்கு விளைக்கும் என்பதற்குத் தில்லியின் மாயாபுரி நிகழ்ச்சி சான்று. அங்குள்ள பழைய இரும்புக் கடைகளுக்கு 2010ஆம் ஆண்டு ஒரு கதிர்வீச்சுக் கருவி வந்து சேர்ந்தது. 1968இல் கனடாவிலிருந்து வாங்கப்பெற்ற அக்கருவியில் கோபால்ட்-60 இருந்தது. ஒரு கல்வி நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த அது, 1985இற்குப் பின் பயன்படுத்தப்படாமலே கிடந்தது. 2010 பிப்ரவரியில் பழம்பொருள்களோடு ஏலத்தில் விற்கப்பட்டது. வாங்கியோர் அதன் ஈய உறையை உடைத்தனர். உள்ளிருந்தது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. எழுவர் கடுங் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுள் ஒருவர் ஏப்ரல் இறுதியில் உயிர் நீத்தார்.

கோபால்ட்-60இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டு. 1968 முதல் 2010 வரையிலான 42 ஆண்டில் அது ஏறத்தாழ எட்டு முறை பாதியாகி, முதலில் இருந்ததில் இருநூற்றைம்பதில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அந்த ஒரு பங்கே ஓர் உயிரைக் கொள்ளப் போதுமானதாயிற்று. பொருளைப் பற்றிய நினைவோ அதனினும் விரைவாகத் தேய்ந்துவிட்டது. கருவி வாங்கப்பட்ட நாளில் ஒழுங்குமுறை வாரியமே பிறந்திருக்கவில்லை என்பதையும் நோக்க வேண்டும். வாங்கிய காலத்துக் கடிதங்களில் எவரும் பிழை செய்திருக்க வேண்டியதில்லை. கடிதங்கள் நின்றபொழுது, ‘ஏன் நின்றன?’ என்று கேட்பதற்கு ஒருவரும் இல்லாததே குறை. இன்று ஒவ்வொரு மூலத்தையும் பிறப்பு முதல் அகற்றம் வரை ஒரே பதிவேட்டில் தொடர முயல்வதன் காரணம் இதுவே.

அரட்டைச் செயலிகள் போதாவா?

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்து வைத்தது. அதன்பின் வணிகத் தொடர்பு எவ்வளவு எளிதாயிற்று என்பதை அணுசக்தி நகரிலிருந்து சில கல் தொலைவில் உள்ள தாராவியில் காணலாம். தோற்பை செய்யும் ஒருவர் தம் பையின் படத்தை வாட்ஸ்அப் வழி அனுப்புகிறார், வாங்குபவர் ‘வார் இரண்டு அங்குலம் நீளட்டும்’ என்கிறார், பேரம் முடிகிறது. 2018இல் சிறு வணிகர்களுக்கென்றே தனிச் செயலியும் வந்துவிட்டது. இதிற் குறை காண்பது வீண். தவறு நேர்ந்தால் கெடுவது ஒரு பை.

இதே பழக்கத்தை எக்ஸ்-கதிர்க் கருவி விற்பனைக்குக் கொண்டு செல்லும்போதுதான் இடர் தோன்றுகிறது. ‘அனுமதி கிடைத்துவிட்டது, கருவியை அனுப்பலாம்’ என்று ஒரு குழுவில் ஒரு வரி வருகிறது. எழுதியவர் மருத்துவமனையின் தலைவரா, அலுவலகப் பணியாளரா, விற்பனையாளரின் முகவரா? எண் மட்டுமே தெரிகிறது. எண் கை மாறக்கூடியது. 2017 முதல் அனுப்பியவரே செய்தியை இருபுறமும் அழித்துவிடவும் இயலும். 2016இல் இச்செயலியில் முழுமையான மறையாக்கம் வந்தது உண்மையே. ஆனால் மறையாக்கம், செய்தியை இடைவழியில் பிறர் படிக்காவண்ணம் காப்பது. சொன்னவருக்குச் சொல்லும் அதிகாரம் உண்டா என்பதை அது காட்டாது. பூட்டிய பெட்டியில் வந்த மடலும் பொய் மடலாக இருக்கலாம் அன்றோ?

2011 மார்ச்சில் சப்பானின் ஃபுகுஷிமா விபத்தை ஒட்டி இது வேறொரு வகையில் வெளிப்பட்டது. கதிர்வீச்சு ஆசிய நாடுகளைத் தாக்கப் போகிறது, கழுத்தில் பெட்டாடின் தடவிக்கொள்ளுங்கள் என்ற குறுஞ்செய்தி ஒன்று பிபிசியின் பெயரால் பிலிப்பைன்ஸ் நாட்டில் வேகமாகப் பரவியது. பிபிசி அப்படி ஒன்றை வெளியிடவே இல்லை. அந்நாட்டு அரசு மறுப்பறிக்கை விட வேண்டியதாயிற்று. செய்தியின் தலைப்பில் உள்ள பெயரும் செய்தியை அனுப்பியவரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மின்னணு மடலில் இக்குறையைத் தீர்க்க அறிவியல் கண்ட வழி எண்ணிமக் கையொப்பம். ஓர் ஆவணம் எவ்வளவு நீளமாயினும் அதனைக் கணித முறையால் குறிப்பிட்ட அளவுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கலாம். பெருவழக்கில் உள்ள ஒரு முறையில் இவ்வெண் 256 இரும இலக்கம் உடையது. ஆவணத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அவ்விலக்கங்களில் ஏறத்தாழப் பாதி மாறிவிடும். இச்சுருக்க எண்ணைத் தம்மிடம் மட்டுமே உள்ள மறைதிறவியால் பூட்டி அனுப்பினால், உலகறிந்த பொதுத்திறவியால் எவரும் அதனைத் திறந்து ஒப்பிட்டுக் கொள்ளலாம். ஒத்தால், எழுதியவரும் எழுத்தும் மாறவில்லை. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 17 முதல் நடப்பில் உள்ள தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவை எழுத்துக்கு ஈடாக ஏற்கிறது. நீதிமன்றத்தில் அதனைச் சான்றாக வைக்க வேண்டிய முறையை 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டம் கூறுகிறது. ஆகவே அரட்டையில் பேரம் பேசுவதற்குத் தடையில்லை. அனுமதிக்கு மட்டும் பதிவேட்டைப் பார்த்தே நடக்க வேண்டும்.

முறை தவறும் இடங்கள்

எனினும் பதிவேடு இருந்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகும் என்று கொள்வதற்கில்லை. சிறு மருத்துவமனைகளில் கணிப்பொறி வேலைக்குத் தனி ஆள் இருப்பது அரிது. கருவி விற்க வந்த முகவரே, உதவி என்ற பெயரில், பதிவையும் செய்து கொடுத்து, தம் மின்னஞ்சலையும் தம் கைப்பேசி எண்ணையுமே நிரப்பிவிட்டால், பின்னர் வரும் ஒவ்வொரு வினாவும் அவருக்கே செல்லும். மருத்துவர், தமக்கு மடல் எதுவும் வரவில்லை என்று நிம்மதியாக இருப்பார். அவ்வாறே பாதுகாப்பு அலுவலர் பணியை விட்டு விலகும்போது கடவுச்சொல்லையும் உடன் கொண்டுபோய்விட்டால், பதிவேட்டில் அவர் பெயர் இன்னும் விளங்கிக்கொண்டிருக்கும்; அறையில் ஒருவரும் இரார். தாளுலகில் முகவரி மாறினால் மடல் திரும்பியாவது வரும். பழைய மின்னஞ்சற் பெட்டி எதையும் திருப்பி அனுப்பாது பெற்றுக்கொண்டேயிருக்கும். பொறியால் காண முடியாத மௌனம் இது. சென்னை, கொல்கத்தா, தில்லி ஆகிய இடங்களில் வாரியத்தின் வட்டார மையங்கள் இன்றும் ஆய்வாளர்களை நேரில் அனுப்புவதன் தேவை இதனால் விளங்கும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் எளியவையே. நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளலாம். அதனைத் தலைவரும் பாதுகாப்பு அலுவலரும் என இருவரேனும் நாள்தோறும் பார்க்க வேண்டும். பணியாளர் விலகும் நாளன்றே கடவுச்சொல் மாற்றப்பட வேண்டும். உரிமம் முடியும் நாளைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலும் குறித்து வைப்பது நன்று; வலையை நம்புவோர் இதனைப் பழமை என்று நகைக்கலாம், ஆனால் மின்சாரம் போன நாளிலும் சுவர் பேசும். கருவி வாங்குமுன் அதன் வகை ஒப்புதல் பெற்றதா என்பதை விற்பனையாளர் அனுப்பிய படத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், வாரியத்தின் வலைத்தளத்தில் நேரே நோக்க வேண்டும்.

இரிடியம் மாற்றும் நாளில் இம்முறை முழுமையாக இயங்குவதைக் காணலாம். புதிய மூலம் ஈயக் கலத்தில் வந்து இறங்குகிறது. அதன் எண்ணும் வலிமையும் சரிபார்க்கப்பட்டு, வரவு பதியப்படுகிறது. பழைய மூலம் அதே போன்றதொரு கலத்தில் அடைக்கப்பட்டு வழங்கியவருக்கே திரும்புகிறது. அன்று மாலையே புதிய மூலத்தைக் கொண்டு சிகிச்சை தொடங்கிவிடலாம். ஆயினும் மருத்துவமனையின் பாதுகாப்பு அலுவலர் அக்கோப்பை அன்று மூடுவதில்லை. பழைய கலம் வந்து சேர்ந்தது என்று வழங்கியவர் எழுதும் அந்த ஒரு வரிக்காக அது திறந்தே இருக்கிறது.