மாரிக்கு முன் வளவுக்குள் இறங்குங்கள்: மாம்புரிவாசிகளுக்கு

சோளகம் ஓய்கிறது. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் இந்த மணலிலும் பற்றை மளமளவென்று எழும்பிவிடும். அதற்குள் வேலையை முடியுங்கள்.

கூரைப் பீலியில் உள்ள சருகை அள்ளுங்கள். கிணற்றுக்கு வலை போடுங்கள். பாவிக்காத மலசலகூடக் குழியை மூடுங்கள். வேலியோரப் பற்றையை வெட்டுங்கள். சப்பாத்து போட்டுக்கொண்டு வெட்டுங்கள், விரியன் இருக்கலாம். வெட்டியதை எரிக்காமல் தென்னையடியில் புதையுங்கள். தீப்பொறியோடு வரும் மாம்புரிக் காற்று யாருடைய கூரை என்று விசாரித்துவிட்டு வருவதில்லை.

பற்றையை வெட்டியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் பிழை. பற்றைக்குள் கிடக்கும் சிரட்டையை எடுத்தீர்களா? போன மாரியில் டெங்குக் காய்ச்சல் வந்த வீடுகளில் முற்றம் சுத்தமாகத்தான் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், யாரும் கால் வைக்காத வளவில், குரும்பைக் கோது, அணில் கோதிய தேங்காய், பழைய டயர், மீன் போடும் றெஜிபோம் பெட்டி. எல்லாவற்றிலும் நுளம்புக் குடம்பி.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது, அடுத்த மழை பட்டதும் பொரிக்கும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே தொட்டியை, வாளியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். சிரட்டையைப் பொறுக்குங்கள். மறுபடியும் சொல்கிறேன்: சிரட்டையைப் பொறுக்குங்கள். அடுப்புக்காவது ஆகும்.

"பக்கத்துக் காணி எங்களுடையது இல்லையே" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் காணிச் சொந்தக்காரரையும் குடியிருப்பவரையும் பொறுப்பாக்குகிறது. சிரட்டை, டயர், நுளம்பு பெருகும் பற்றை எல்லாம் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. பூஞ்செடிக்கும் கறிச்செடிக்கும் விலக்கு உண்டு; முருங்கையை வெட்டிவிட்டுச் சட்டத்தின்மேல் பழி போடாதீர்கள். கொழும்பிலோ கட்டாரிலோ இருப்பவர்கள் படலைத் திறப்பை உறவுக்காரர் ஒருவரிடம் இன்றே கொடுத்து வையுங்கள். பூட்டிய படலை வழக்கைத் தடுக்காது, நுளம்பையும் தடுக்காது.

2017இல் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு பதிவானது. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும், அதுவும் அளவோடு. டைக்ளோபெனாக், இபுபுரூபன், அஸ்பிரின் கூடவே கூடாது. மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் இரத்தப் பரிசோதனை. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு கண்டால் நாள் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.