வண்டியில் கூலன்ட் குறைகிறதா? ஊற்றுவதற்கு முன் கசிவைத் தேடுங்கள்



குழுக் கூட்டங்களில் உள்கடன் கேட்கும்போது "பையனுக்கு வண்டி வாங்கணும்" என்ற காரணத்தை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். வேலைக்குப் போக, பால் ஊற்ற, மார்க்கெட்டுக்குப் பூ கொண்டு போக வண்டி வேண்டும்தான். வண்டியை ஓட்டுவது பையனோ வீட்டுக்காரரோ. தவணை கட்டுவது நாம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணைத் தேதி வந்து நிற்கும். அதனால் வண்டியைப் பற்றி நாமும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இந்த மாதம் கூலன்ட் கசிவு பற்றிப் பார்ப்போம்.

முதலில் உங்கள் வீட்டு வண்டியில் கூலன்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிளெண்டர், டிவிஎஸ் எக்ஸ்எல், ஆக்டிவா போன்ற வண்டிகளில் கிடையாது. அவற்றின் எஞ்சின் காற்றிலேயே ஆறிவிடும். அந்த வண்டிக்கு யாராவது "கூலன்ட் மாத்தணும், பணம் கொடுங்க" என்றால் கொடுக்காதீர்கள். யமஹா ஆர்15, பல்சர் என்எஸ்200, கேடிஎம் டியூக் போன்ற, இளைஞர்கள் ஆசைப்படும் வண்டிகளில்தான் கூலன்ட் உண்டு. முன் சக்கரத்துக்குப் பின்னால் சன்னமான தகடுகள் அடுக்கிய சல்லடை மாதிரி ஒன்று தெரிந்தால் அதுதான் ரேடியேட்டர்.

இது வேலை செய்யும் விதம் நமக்குப் புதிது இல்லை. நம் வீட்டு பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். கூலன்ட் என்பது தண்ணீரும் கிளைக்கால் என்ற மருந்தும் கலந்த திரவம். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று நிறம் போட்டு வரும். வாட்டர் பம்ப் அதை எஞ்சினுக்குள் சுற்ற விடுகிறது. எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வந்து, காற்றில் ஆறி, திரும்ப உள்ளே போகிறது. ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் இருக்கும். மூடி இறுக்கமாக இருப்பதால் உள்ளே அழுத்தம் சேர்ந்து, 100 டிகிரியைத் தாண்டினாலும் கூலன்ட் கொதிக்காமல் நிற்கிறது. குக்கரில் ரப்பர் தளர்ந்தால் ஆவி பக்கவாட்டில் போகுமே, விசில் வராதே, அதே கதைதான் இங்கேயும்.

குக்கர் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வரவேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் திரவம் முகத்தில் அடிக்கும். வண்டி முழுதாக ஆறிய பிறகு, துணி போட்டு மெதுவாகத் திருகித்தான் திறக்க வேண்டும்.

சரி, குறைகிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாருங்கள். வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைக்காமல் நேராக நிறுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் கூலன்ட் நிற்க வேண்டும். மாதக்கணக்கில் கொஞ்சம் இறங்குவது சகஜம். வாரத்துக்கு வாரம் கீழ்க்கோட்டுக்குப் போனால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. "குறைஞ்சா என்ன, தண்ணி ஊத்திக்கலாம்" என்று போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு உறுப்பினர் வீட்டில் இப்படித்தான் இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் மீட்டரில் சூட்டு விளக்கு எரிந்தது. பையன் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டினான். எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது. பிரித்துப் பார்த்தபோது, ரப்பர் ஹோஸில் ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தது. திருப்புளியால் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால் போதும். எஞ்சின் வேலைக்குப் பல ஆயிரம் ஆனது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்க, அந்த அம்மா குழுவுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தார். போர் தண்ணீரின் உப்பு, அடுப்புப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது போல ரேடியேட்டரின் சன்னக் குழாய்களிலும் படிந்திருந்தது.

கசிவைத் தேட பெரிய கருவி வேண்டாம். வண்டியைக் கழுவி, துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். ராத்திரி எஞ்சினுக்கு அடியில் ஒரு வெள்ளைக் காகிதமோ அட்டையோ விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால் தொட்டுப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுப்பாக இருந்தால் ஆயில். வாடை அடித்துச் சீக்கிரம் காய்ந்துபோனால் பெட்ரோல். நிறமாக, வழவழப்பாக, லேசான தித்திப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். மோந்து பார்த்தால் போதும், நாக்கில் வைக்காதீர்கள். அது விஷம்.

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் கசிவு என்று நினைக்க வேண்டாம். ஓட்டு வீட்டில் மழை ஒழுகுவது போல, ஓர் இடத்தில் கசிந்து வேறு இடத்தில் சொட்டும். ஈரத் தடத்தைப் பிடித்து மேலே போங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ கறை இருக்கும். அப்படியும் பிடிபடவில்லை என்றால், சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓட விட்டு நிறுத்திப் பாருங்கள். பவுடர் நனைந்த இடத்தில் ஆரம்பம். ஓடும்போது கையை உள்ளே விட வேண்டாம். ரேடியேட்டர் விசிறி எப்போது வேண்டுமானாலும் சுற்றும்.

பெரும்பாலும் ஹோஸ் முனைகளில்தான் ஒழுகும். கிளாம்ப்பை அளவாக முறுக்குங்கள், ரொம்ப இறுக்கினால் ரப்பர் அறுந்துவிடும். ஹோஸ் வெடித்திருந்தால் புதிதுதான் போட வேண்டும். மூடியின் ரப்பர் காய்ந்து விறைத்திருந்தால் மூடியையே மாற்றிவிடலாம், பெரிய செலவு இல்லை. டப்பாவில் மேல்கோட்டுக்கு மேல் ஊற்றியிருந்தால் மிச்சம் குழாய் வழியாக வெளியே வரும். அது கசிவு இல்லை, பயப்பட வேண்டாம்.

வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அதிலிருந்து சொட்டினால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று வண்டி நமக்குச் சொல்கிறது. அதை எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடைத்தால் கூலன்ட் உள்பக்கமாக ஆயிலில் கலக்கும் ஆபத்து இருக்கிறது. சீல் மாற்றுவது மெக்கானிக் வேலை. ரேடியேட்டரில் கல் பட்டு ஓட்டை விழுந்தாலும் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். சில டிரைவர்கள் மஞ்சள் தூள் போட்டு அடைப்பார்கள். வழியில் மாட்டிக்கொண்டவருக்கு அது வீடு சேர உதவலாம். நாள்பட விட்டால் ஓட்டையோடு நல்ல குழாயையும் சேர்த்து அடைத்துவிடும்.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது, வண்டி சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது, அல்லது ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகக்கூட வேண்டாம், ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

வழியில் சூட்டு விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்டி நிறுத்தி, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆற விட வேண்டும். கொதிக்கும் எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆறிய பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி மெதுவாக வீடு வந்து சேரலாம், அவசரத்துக்கு மட்டும்.

கசிவை அடைத்த பிறகு கூலன்ட் நிரப்புவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கலந்தே வரும் கூலன்ட்டை அப்படியே ஊற்றலாம். கலக்க வேண்டிய வகை என்றால், பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில், டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலக்க வேண்டும். ஆறிய வண்டியில் மூடியைத் திறந்தபடி நிரப்பி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டால் உள்ளே அடைபட்ட காற்று குமிழியாக வெளியே வரும். மட்டம் இறங்க இறங்க ஊற்றி, குமிழி நின்றதும் மூட வேண்டும். காற்று உள்ளே நின்றுவிட்டால் கூலன்ட் இருந்தும் எஞ்சின் சூடாகும். அடுத்த இரண்டு மூன்று நாள் காலையில் டப்பாவைப் பாருங்கள். மட்டம் அசையாமல் நின்றால் வேலை சரியாக முடிந்தது.

இறக்கிய பழைய கூலன்ட்டை வாசலில் சட்டியோடு விட்டுவிடாதீர்கள். தித்திப்பாக இருப்பதால் நாய், கன்றுக்குட்டி, ஏன், சின்னக் குழந்தைகூட வாய் வைத்துவிடும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் பாதிக்கும், உயிருக்கே ஆபத்து. கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கொட்ட வேண்டாம். மூடியுள்ள கேனில் ஊற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.