பனிமலையில் முதற்பாடம்

சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் செல்லிப்பட்டு. புதுவைக்கு மேற்கே வயல்கள் சூழ விளங்கும் அவ்வூரில் பனி என்றால் மார்கழி விடியலில் நெற்கதிரின்மேல் தங்கும் துளியே ஆகும். கதிரவன் எழுந்தவுடன் அத்துளி மறைந்துவிடும். நிலமும் மரமும் கூரையும் வெண்மையாய் மூடுண்டு, ஆள் உயரத்திற்குப் பனி குவிந்து கிடக்கும் காட்சியை அவ்வூரார் படத்திலன்றிக் காண்பது அரிது.

ஆயினும், இக்காலத்தில் அக்காட்சி எட்டாத ஒன்றன்று. விடுமுறை நாட்களில் இமயமலைக்குச் செல்லும் தென்னாட்டுக் குடும்பங்கள் பல. புதுவை மக்களுக்கு வேறொரு வழியும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளை இந்தியாவிற்கு அளிக்கும் உடன்படிக்கை 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள் முழுச் செயலுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியோர் அதனைக் கொள்ள அவ்வுடன்படிக்கை இடந்தந்தது. ஆதலால் புதுவைப் பகுதியின் குடும்பங்கள் பலவற்றிற்குப் பிரான்சு நாட்டில் உறவினர் உளர். அங்குப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை விடும்போது, மக்கள் ஆல்ப்சு மலைக்குச் சென்று பனியில் சறுக்கி விளையாடுதல் வழக்கம்.

பனிச்சறுக்கு இனியதொரு விளையாட்டு. ஆனால், முறையாகக் கல்லாதார்க்கு அது தீங்கு விளைப்பதும் ஆகும். எனவே, பனிமலைக்குச் செல்லும் குடும்பம் எந்த விடுதியில் தங்குவது என்று ஆராய்வதற்கு முன்னர், எவரிடம், எம்முறையில், எவ்வளவு நாள் கற்பது என்று ஆராய வேண்டும்.

சறுக்கும் முறை

பனியில் சறுக்குவோர் முழங்காலுக்குக் கீழே காலை இறுகப் பற்றும் கெட்டியான காலணியை அணிவர். அக்காலணி, நீண்டு ஒடுங்கி முன்நுனி வளைந்த சறுக்குக் கட்டையுடன் ஒரு பிணைப்பினால் இணைக்கப்படும். இரு கைகளிலும் ஊன்றுகோல்கள் இருக்கும். சரிவில் நின்றவுடன் கட்டைகள் தாமே இறங்கத் தொடங்கும். ஓடுவதற்கு எவ்வகை முயற்சியும் வேண்டுவதில்லை. நிற்பதற்கே கல்வி வேண்டும்.

நிற்கும் முறைகளுள் முதலாவது, உழவரின் மக்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது. கட்டைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்நுனிகளை அகற்றி, உட்புற விளிம்புகளால் பனியை அழுத்த வேண்டும். மேலிருந்து நோக்கினால் இவ்வடிவம் ஏரின் கொழுப் போலத் தோன்றும். இதனை ஐரோப்பியர் தத்தம் மொழிகளில் பனிக்கலப்பை என்றே வழங்குகின்றனர். கால்களை மிக அகற்றினால் வேகம் தணியும். மேலும் அழுத்தினால் ஓட்டம் நிற்கும். வலக்கட்டையில் எடையை ஏற்றினால் உடல் இடப்புறம் திரும்பும். இடக்கட்டையில் ஏற்றினால் வலப்புறம் திரும்பும்.

புதிதாகக் கற்போர் அஞ்சும்போது உடலைப் பின்னே சாய்ப்பர். அச்சத்தால் செய்யும் அச்செயலே அவர்களை வீழ்த்துகிறது. எடை பின்னே சென்றால் கட்டைகளின் முன்பகுதி கட்டுக்கு அடங்காது, வேகமும் குறையாது. முழங்காலைச் சிறிது மடக்கி, உடலை முன்னே கொண்டு நிற்பதே ஏற்றது. இதனைச் சொல்லால் மட்டும் உணர்த்த முடியாது. பிழை நேரும் அந்நொடியிலேயே திருத்துதற்கு ஓர் ஆசிரியர் அருகில் இருத்தல் வேண்டும்.

கற்பிக்கும் கலை வளர்ந்த வரலாறு

பனி மூடிய வடநாடுகளில் மக்கள் வேட்டைக்கும் வழிப்பயணத்திற்கும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சறுக்குக் கட்டைகளைப் பயன்படுத்தி வந்தனர். தந்தையைக் கண்டு மகன் கற்றான். படிமுறையான கல்வி பிற்காலத்தில் தோன்றியது. ஆஸ்திரிய நாட்டில் ஹான்னஸ் ஷ்னைடர் என்பவர் 1907-ஆம் ஆண்டில் செயின்ட் ஆன்டன் என்னும் மலையூரில் ஆசிரியராக அமர்ந்தார். அவர் கற்போரைத் திறமைக்கு ஏற்ப வகுப்புகளாகப் பிரித்தார். பனிக்கலப்பையை முதற்படியாக அமைத்து, அதிலிருந்து அரைத் திருப்பம், முழுத் திருப்பம் என ஒவ்வொன்றாகக் கற்பித்தார். ஒரு படியில் தேறாதவர் அடுத்த படிக்குச் செல்லவில்லை. இன்றும் பனிச்சறுக்குப் பள்ளிகள் பல இவ்வாறு வகுப்புப் பிரித்தே கற்பிக்கின்றன.

பிரான்சு நாட்டில் 1953-ஆம் ஆண்டில் பாரிசுக்கு அருகிலுள்ள வான்வு என்னும் ஊரின் பள்ளி மாணவர்கள், தம் ஆசிரியருடன் மலைக்குச் சென்று தங்கினர். அவர்கள் ஒருபொழுது பாடம் பயின்றனர். மறுபொழுது பனியில் விளையாடினர். பின்னர் இம்முறை அந்நாடெங்கும் பரவியது. செல்வர்க்கு மட்டும் உரியதாயிருந்த விளையாட்டு, எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கல்வியின் பகுதியாயிற்று.

இந்தியாவில் கற்கும் இடங்கள்

காஷ்மீரத்தில் உள்ள குல்மார்க், பனிச்சறுக்கிற்குப் பெயர் பெற்றது. அங்கு 1927-ஆம் ஆண்டிலேயே பனிச்சறுக்குக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. குல்மார்க்கின் புல்வெளி ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமும் ஏறக்குறைய அதே உயரம் உடையதே. ஆயினும், குல்மார்க் வடக்கே மிகத் தொலைவில் இருத்தலால், குளிர்காலத்தில் பெரும்பனி பெய்கிறது. மத்தியச் சுற்றுலா அமைச்சின் கீழ் இயங்கும் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அங்குள்ளது.

இமாசலப் பிரதேசத்தில் மணாலிக்கு அருகே சோலாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. மணாலியில் 1961-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அப்பகுதியில் பனிச்சறுக்கும் கற்பித்து வருகிறது. உத்தரகண்டத்தில் ஜோஷிமட்டுக்கு மேலே ஆலி என்னும் சரிவு உள்ளது. 2023-ஆம் ஆண்டு சனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து, வீடுகள் பிளவுண்டன. அப்போது ஆலிக்குச் செல்லும் கம்பிவட ஊர்தியும் நிறுத்தப்பட்டது. மலை நாட்டின் நிலைமை ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. ஆதலால், பழைய செய்தியை நம்பிப் புறப்படாமல், பனியின் அளவையும் வழியின் நிலையையும் அவ்வாண்டிலேயே கேட்டறிதல் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

செல்லிப்பட்டிலிருந்து பனிமலைக்குச் செல்லும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தந்தை, தாய், பதினைந்து வயது மகன், ஆறு வயது மகள், அறுபதைக் கடந்த பாட்டி ஆகிய ஐவர் அதில் உளர். ஐவரும் ஒரே ஆசிரியரிடம் ஒரே வகுப்பில் கற்றால் செலவு குறையும் என்று தந்தை எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சிக்கனம் போலத் தோன்றும். ஆனால், பயன் தராது. மகனுக்கு ஏற்ற வேகம் மகளுக்கு அச்சம் ஊட்டும். மகளுக்கு ஏற்ற நிதானம் மகனுக்குச் சலிப்பு ஊட்டும். முதல் நாளில் அஞ்சி அழுத குழந்தை மறுநாள் கட்டையைத் தொடவும் மறுத்துவிடும்.

சிறு குழந்தைகளுக்கு, அவர்களுடைய வயதினர் மட்டும் அடங்கிய சிறிய வகுப்பே ஏற்றது. அங்கு விளையாட்டின் வாயிலாகவே கல்வி நடைபெறும். மகன் தன் திறமைக்கு ஒத்த தொடக்க வகுப்பில் சேரலாம். பிறர் விழுவதையும் எழுவதையும் காண்பதால் அவனுடைய கூச்சம் நீங்கும். பெற்றோர் சில மணிநேரம் தனி ஆசிரியரை அமர்த்திக்கொள்வது, விரைவில் பிழை திருந்த உதவும். பாட்டி சறுக்காமல் வெயிலில் அமர்ந்து காண்பதே போதும் என்றால், அதனையும் மதித்தல் வேண்டும். பிறர் வற்புறுத்த ஏறிய சரிவில் ஒருவர்க்கும் இன்பம் இராது.

அரசு நிறுவனங்களின் பயிற்சி ஒரு வாரமோ அதற்கு மேலோ நடைபெறும். சேர்வோர்க்கு வயது வரம்பும் உண்டு. முழுமையாகக் கற்க விரும்பும் இளைஞர்க்கு அது சிறந்தது. மூன்று நான்கு நாட்களே தங்கும் குடும்பம், உள்ளூர் ஆசிரியரை நாட நேரும். அவரிடம் கேட்க வேண்டுவன சில உள. அவர் எந்த நிறுவனத்தில் பயின்று சான்று பெற்றார்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? குழந்தைகளுக்குக் கற்பித்த பழக்கம் உண்டா? கற்போர்க்கு விளங்கும் மொழியில் பேசுவாரா? விபத்து நேர்ந்தால் மருத்துவ உதவி எங்கே கிடைக்கும்? நல்லாசிரியர் இவ்வினாக்களுக்குச் சினம் கொள்ளார். பிரான்சு நாட்டிலோ, உரிய தகுதிச் சான்று இல்லாதவர் ஊதியம் பெற்றுப் பனிச்சறுக்குக் கற்பிக்கச் சட்டம் இடந்தராது.

அவர் தரும் விடைகளுள் ஒன்று மிக இன்றியமையாதது. “முதல் நாளில் யாது கற்பிப்பீர்?” என்று வினவ வேண்டும். “மலையுச்சிக்கு அழைத்துச் செல்வேன்” என்பவரை விட்டுவிடலாம். “விழவும், எழவும், நிற்கவும் கற்பிப்பேன்” என்பவரையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கருவிகளிலும் கவனம் வேண்டும். விழும்போது கால் முறுக்குண்ணாதபடி, காலணியைக் கட்டையிலிருந்து விடுவிப்பது பிணைப்பின் வேலை. கற்பவரின் எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றை அறிந்தே அதனை முடுக்குவர். நாணத்தால் எடையைக் குறைத்துச் சொல்வதும், பெருமைக்காகத் திறமையை மிகுத்துச் சொல்வதும் காலுக்கே கேடாகும். தலைக்கவசம் இன்றிச் சரிவில் இறங்கலாகாது. பனியில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கெடுக்குமாதலால் கண்ணாடியும் வேண்டும்.

உயரமும் ஆபத்தும்

குல்மார்க்கில் கம்பிவட ஊர்தி இரு கட்டங்களாகச் செல்கிறது. முதற்கட்டம் கொங்டோரி வரையிலும், இரண்டாம் கட்டம் அபர்வட் மலையில் 4,000 மீட்டரை நெருங்கும் உயரம் வரையிலும் ஏறும். பயணச்சீட்டு வாங்கிய எவரையும் ஊர்தி மேலே ஏற்றிவிடும். சறுக்கி இறங்கும் திறமை அவரிடம் உண்டா என்பதை அது அறியாது. உச்சிச் சரிவுகள் செங்குத்தானவை. அங்குப் பனிப்பாறைச் சரிவும் நேர்வதுண்டு. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் அபர்வட் பகுதியில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டார் இருவர் இறந்தனர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மற்றொரு பனிச்சரிவில் உருசிய நாட்டார் ஒருவர் உயிரிழந்தார். பழக்கம் உடையோர்க்கும் ஆபத்து நேரும் இடத்தில், முதல் நாள் கற்பவர்க்கு யாது வேலை?

உலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967-ஆம் ஆண்டில் நடத்தை விதிகளை வகுத்தது. பிறர்க்குத் தீங்கு நேராதவாறு செல்ல வேண்டும். தன் திறமைக்கும், பனியின் நிலைக்கும், கூட்டத்திற்கும் ஏற்ப வேகத்தை அடக்க வேண்டும். முன்னே செல்பவர்க்கு வழிவிட்டுப் பின்னே வருபவரே விலக வேண்டும். குறுகிய இடத்தில் வீணே நிற்கலாகாது. விபத்துற்றவர்க்கு உதவ வேண்டும். இவ்விதிகளுள் பலவற்றைக் கைக்கொள்ள, நினைத்த இடத்தில் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். நிற்கத் தெரியாதவன் நல்லவனாயினும் பிறர்க்கு ஆபத்தாவான்.

பயிற்சியின் பயன்

குல்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிப் கான், நான்கு வயதில் தந்தையின் துணையோடு சறுக்கத் தொடங்கினார். அவர் 2022-ஆம் ஆண்டில் பீகிங் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்டார். மணாலியைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர், 2018-ஆம் ஆண்டில் துருக்கியில் நடந்த போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். பனிச்சறுக்கில் இந்தியா பெற்ற முதல் பன்னாட்டுப் பதக்கம் அதுவே. இவர்கள் பனியிடையே வளர்ந்தவர்கள். கர்நாடகத்தின் குடகு நாட்டில் பிறந்த பவானியோ, பனி பெய்யாத தென்னாட்டிலிருந்து சென்று, நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கில் தேசியப் போட்டிகளில் பதக்கங்கள் வென்றார். பனி பெய்யும் ஊரில் பிறத்தல் ஒரு வாய்ப்பே, அது தகுதியன்று.

விடுமுறைக்குச் செல்லும் குடும்பம் பதக்கம் பெறுதற்குச் செல்வதில்லை. சென்றவர் அனைவரும் உடல் நலத்துடன் மகிழ்ந்து திரும்புவதே அதன் வெற்றி. அவ்வெற்றி ஏறிய உயரத்தாலோ கொடுத்த கட்டணத்தாலோ வருவதன்று. தன் அளவை அறிந்த மாணவனும், அவன் அளவை அறிந்து கற்பிக்கும் ஆசிரியரும் சேரும்போது அது தானே வரும். பனிமலையில் மட்டுமன்றி, விரைவை விரும்பும் இளமைப் பருவம் முழுவதற்கும் இது பொருந்தும். வேண்டிய இடத்தில் தன்னை நிறுத்திக்கொள்ளக் கற்றவனே அச்சமின்றி விரைந்து செல்ல வல்லவன்.

வினாக்கள்

1. பனிக்கலப்பை என்பது யாது? அது பயன்படும் முறையை விளக்குக.
2. ஷ்னைடர் கையாண்ட கற்பிக்கும் முறையின் சிறப்பு யாது?
3. ஒரு குடும்பத்தார் ஐவரும் ஒரே வகுப்பில் சேர்வது ஏன் பொருந்தாது?
4. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய வினாக்களைத் தொகுத்து எழுதுக.
5. நீச்சலோ மிதிவண்டியோ கற்க விரும்பும் தம்பிக்கு ஏற்ற ஆசிரியரை எங்ஙனம் தேர்ந்தெடுக்கலாம் என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.