பந்தயக் கார் சாலைக்கு வந்த கதை

பிரான்ஸ் நாட்டின் ல மான் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அதில் முதலிடம் பெற்றது, இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் செய்த ‘டி-டைப்’ என்னும் கார். ஆனால் 1956ஆம் ஆண்டின் இறுதியிலேயே அந்நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகிக் கொண்டது. கோவென்ட்ரி நகரிலிருந்த தொழிற்சாலையில் விற்பனையாகாத டி-டைப் கார்கள் தங்கிவிட்டன. அவற்றில் 25 கார்களைச் சாலையில் ஓட்டத்தக்கனவாக மாற்றி விற்பதென 1957இல் முடிவாயிற்று. மாற்றப்பட்ட காருக்கு ‘எக்ஸ்.கே.எஸ்.எஸ்.’ என்று பெயரிட்டனர்.

எஞ்சின், சக்கரம், பிரேக் எல்லாம் முன்பே இருக்கும்போது மாற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியலே போதும்.

முதலில் வெளித்தோற்றத்தைப் பார்ப்போம். டி-டைப் காரில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் மீனின் துடுப்பைப் போல ஒரு தகடு நிமிர்ந்து நிற்கும். காரின் உருவத்தை வகுத்த மால்கம் சேயர் முன்பு விமானத் தொழிலில் இருந்தவர். ஆகவே துடுப்பு அழகுக்காக வைக்கப்பட்டதன்று. அம்பின் பின்முனையில் இறகு கட்டுவது எதற்காக? அம்பு சற்றே திரும்பினாலும், காற்று இறகின் மேல் பக்கவாட்டில் மோதிப் பின்முனையைத் தள்ளி, அம்பை மீண்டும் நேராக்குகிறது. காற்றின் பக்கவிசை, பொருளின் நிறை மையத்திற்குப் பின்னால் செயற்பட்டால்தான் இது நிகழும். ல மான் நகரின் நீண்ட நேர்ச்சாலையில் மணிக்கு 270 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் சென்ற காருக்கு இந்தத் துடுப்பு இன்றியமையாதது.

சாலைக்கு மாற்றும்போது துடுப்பை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆபத்தில்லையா? காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 270 கி.மீ. வேகத்தில் செயற்படும் விசையை 9 பங்கு என்று கொண்டால், 90 கி.மீ. வேகத்தில் அது 1 பங்கே. அந்தச் சிறு விசையைச் சமாளிக்க டயரின் உராய்வே போதும். தேவையற்ற இடத்தில் ஓர் உறுப்பைத் துணிந்து நீக்குவதும் பொறியியல்தான். இந்த மாற்றங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

துடுப்பு போயிற்று, முழு அகலக் கண்ணாடியும், மடக்கும் துணிக்கூரையும் வந்தன. இவை காற்றுத் தடையைக் கூட்டும். அதனால் உச்ச வேகம் குறையும். ஆனால் சாலையில் உச்ச வேகம் யாருக்கு வேண்டும்? காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 270 கி.மீ. வேகத்தில் 250 குதிரைத் திறன் முழுவதும் காற்றோடு போராடவே செலவாகிறது என்று வைத்துக் கொள்வோம். 90 கி.மீ. வேகத்தில் அதில் 27இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 9 குதிரைத் திறன் போதும்!

ஆகவே 3.4 லிட்டர் எஞ்சின் சாலையில் பெரும்பாலும் சோம்பியே இருக்கிறது. இதுதான் உண்மையான தொல்லை. பந்தய எஞ்சினுக்கான ஸ்பார்க் பிளக், வெப்பத்தை விரைவாகக் கடத்தி வெளியேற்றும்படி அமைந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் முனை போதிய அளவு சூடாவதில்லை. கரி எரிந்து போகாமல் படிந்து, தீப்பொறி நின்றுவிடும். பழைய பந்தயக் காரைச் சாலைக்குக் கொண்டு வரும் எவரும் சந்திக்கும் சங்கடம் இது. விந்தை என்னவென்றால், அதே நேரத்தில் ரேடியேட்டரில் நீர் கொதிக்கத் தொடங்கும். கார் ஓடும்போது வீசும் காற்றை நம்பியே ரேடியேட்டர் அமைந்துள்ளது. சிவப்பு விளக்கின் முன் நிற்கும் காருக்கு அந்தக் காற்று ஏது?

பிரேக்கிலும் இதே கதைதான். ஓட்டுநர், பெட்ரோல் உட்பட காரின் நிறை 1000 கிலோகிராம் என்க. 270 கி.மீ. என்பது நொடிக்கு 75 மீட்டர். இயக்க ஆற்றல் ½ × 1000 × 75 × 75, அதாவது சுமார் 28 லட்சம் ஜூல். நம் ஊர்க் குழாயில் வரும் 30 டிகிரி நீரில் ஒன்பதரை லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும். காரை நிறுத்தும்போது பெரும்பாலும் அத்தனையும் பிரேக்கில் வெப்பமாகிறது. டிஸ்க் பிரேக் காற்றுக்குத் திறந்திருப்பதால் இந்த வெப்பத்தை விரைவில் இழந்துவிடும். ஆனால் பந்தயத்திற்கென்றே செய்த உராய்வுக் கட்டைகள் சூடேறிய பிறகே நன்றாகப் பிடிக்கும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதும் முதல் திருப்பத்தில் அவற்றை நம்ப முடியாது.

பக்கத்தில் ஒருவர் அமர, நடுவிலிருந்த தடுப்பை நீக்கி, அந்தப் பக்கமும் ஒரு கதவு வைத்தார்கள். இது எளிய வேலையன்று. இந்தக் காரின் நடுப்பகுதிக்குத் தனிச் சட்டம் கிடையாது; உலோகத் தகட்டாலான கூடே வலிமை தருகிறது. ஓர் அட்டைப் பெட்டியை முறுக்கிப் பாருங்கள். பிறகு அதன் பக்கத்தில் ஒரு சன்னல் வெட்டிவிட்டு மீண்டும் முறுக்குங்கள். அதனால்தான் கதவு அடிவரை இறங்காமல் உயரமான பக்கச் சுவரின் மேலேயே நின்றுவிடுகிறது. ஏறுபவர் காலைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். பக்கவாட்டில் செல்லும் புகைக்குழாயில் கால் சுட்டுக் கொள்ளாதிருக்க ஒரு காப்புத் தகடும் உண்டு. வால்பகுதியைப் பெட்ரோல் தொட்டியும் மாற்றுச் சக்கரமும் அடைத்துக் கொண்டதால், பெட்டி படுக்கைகளை வைக்க வெளியே ஒரு கம்பிச் சட்டம்!

1957 பிப்ரவரி 12ஆம் நாள் தொழிற்சாலையில் பெருந்தீ பரவியது. 25 கார்களில் 9 அழிந்தன. விற்பனைக்கு வந்தவை 16 மட்டுமே. பெரும்பாலானவை அமெரிக்காவுக்குச் சென்றன. நடிகர் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய கார் இன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பீட்டர்சன் காட்சியகத்தில் இருக்கிறது. தீக்கிரையான ஒன்பதுக்கு ஈடாகப் புதிதாக ஒன்பது கார்களைச் செய்யப்போவதாக 2016இல் ஜாகுவார் அறிவித்தது. பழைய கார்களை அங்குலம் அங்குலமாக அளந்து, பழைய முறையிலேயே தகடுகளைத் தட்டி வளைத்து அவற்றைச் செய்தார்கள்.