பழங்கடிதம் வாங்குமுன்

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-இல் எழுந்த பரதேசி யூத ஜெப ஆலயத்திற்குச் செல்லும் தெருவின் இருமருங்கும் இன்று பழம்பொருள் கடைகளே மிகுதி. மரப்பெட்டிகளுக்கும் பித்தளை விளக்குகளுக்கும் இடையே, மஞ்சளேறிய கடிதமொன்று கண்ணில் படுவதும் உண்டு. விடுதலைக்குப் பின்னர்க் கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். ஒரு வீடு காலியாகும்போது நாற்காலிக்கு விலை கிடைக்கும். கடிதக் கட்டு கேட்பாரற்றுப் பிரிந்துபோகும். அத்தகைய தாள்களைச் சேகரிக்க விழைவோர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை இங்குக் காண்போம்.

கடிதத்தின் மதிப்பு எதில் உள்ளது?

கையொப்பம் பெயரை மட்டுமே தரும். கடிதம் காலத்தையே தரும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு பெருவாணிகம் நடத்தியவர் கொச்சி யூதரான எசக்கியேல் ராஹபி. ஜெப ஆலயத்தின் மணிக்கூண்டை 1760-இல் எழுப்பியவரும் அவரே. ஹேக் நகரின் தோபியாஸ் போவாஸ் என்பவர் கேட்ட கேள்விகளுக்கு விடையாக, 1768-இல் எபிரேய மொழியில் அவர் ஒரு கடிதம் எழுதினார். மலபார் யூதர்களின் வரலாற்றை ஆராய்வோர் இன்றளவும் அக்கடிதத்தை நாடுகின்றனர். ஆகவே, புகழ்பெற்றவர் இட்ட வெறும் கையொப்பத்தைவிட, அவர் தம் பணியைப் பற்றி எழுதிய ஒரு பக்கக் கடிதம் பொதுவாக உயர்ந்த மதிப்புடையது. உறையும் அஞ்சல் முத்திரையும் உடனிருப்பின் மதிப்பு மேலும் கூடும்.

மெய்யா, போலியா?

காசோலையின் கையொப்பத்தை வங்கி மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிடுவது போலவே இங்கும் செய்தல் வேண்டும். ஆனால் ஒரு மாதிரி போதாது. காந்தியடிகள் 1909-இல் கப்பலில் வந்தபோது எழுதிய ‘இந்து சுயராஜ்யம்’ கைப்பிரதியின் 275 பக்கங்களில் ஏறத்தாழ 40 பக்கங்கள் இடக்கையால் எழுதப்பட்டவை. வலக்கை எழுத்தை மட்டும் அறிந்தவர் அவற்றைப் போலியென்றே ஒதுக்கியிருப்பார். எனவே ஒருவரது எழுத்தை வெவ்வேறு ஆண்டுகளிலும் சூழல்களிலும் கண்டு பழகுதல் இன்றியமையாதது.

அடுத்துத் தாளை ஆராய்க. ரூபாய்த் தாளில் காண்பது போன்ற நீர்க்குறி பல பழந்தாள்களிலும் உண்டு. வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். புற ஊதா விளக்கின் கீழ்த் தாள் பளிச்சென நீலவெண்மையாக ஒளிர்ந்தால் எச்சரிக்கை கொள்க. அவ்வாறு ஒளிரச் செய்யும் வேதிப்பொருள்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே காகித உற்பத்தியில் பரவின. அச்சிட்ட கையொப்பம், முத்திரையால் இட்ட கையொப்பம், செயலாளர் இட்ட கையொப்பம் ஆகியவையும் சந்தைக்கு வருவதுண்டு. உருப்பெருக்கியில் பார்த்தால் பேனா அழுத்திய இடமும் தளர்ந்த இடமும் வேறுபட்டுத் தெரிய வேண்டும்.

இவை யாவற்றினும் முதன்மையானது, கடிதம் கைமாறிய வரலாறு. யாரிடமிருந்து, எவ்வழியில் வந்தது என விற்பவர் எழுத்து மூலம் கூற இயலாவிடின், விலை குறைவாயினும் விலகி நிற்றலே நன்று. கேட்ட விவரங்களையும் விலைச்சீட்டையும் கடிதத்தோடு சேர்த்தே வைத்திருங்கள்.

சட்டம் சொல்வது

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டத்தின்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணம் 75 ஆண்டுகள் கடந்ததாயின் அது தொல்பொருள் ஆகும். அதனை விற்பனை செய்யும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் எவரும் அதனை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. மீறினால் சிறைத்தண்டனை உண்டு. அயல்நாட்டில் வாழும் உறவினர்க்குப் பரிசாக அனுப்ப எண்ணுவோர் இதனை மறத்தலாகாது. மேலும், தாள் உங்களுடையதாயினும் அதிலுள்ள சொற்களின் பதிப்புரிமை எழுதியவர்க்கோ அவர்தம் வாரிசுகளுக்கோ உரியதாக இருக்கலாம். வெளியிடுமுன் விசாரித்தல் வேண்டும்.

பாதுகாக்கும் முறை

மட்டாஞ்சேரியைப் போன்ற கடலோர ஊர்களில் தாளின் முதற்பகை ஈரம். அடுத்தவை வெயிலும் பூச்சியும். பிளாஸ்டிக் உறையிட்டு வெப்பத்தால் ஒட்டுதல், செலோடேப் ஒட்டுதல், பின் குத்துதல் ஆகிய மூன்றும் கூடா. அமிலமற்ற தாள் உறையில், மடிப்பை விரித்து, படுக்கை நிலையில் வையுங்கள். சுவரில் மாட்ட விரும்பினால் நகலை மாட்டுங்கள்.

வங்கிப் பெட்டகத்தில் வைப்போர் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உடன் வைத்து, அவ்வப்போது மாற்றுதல் நன்று. பெட்டகத்திலுள்ள பொருள்களுக்கு வங்கி காப்பீடு செய்வதில்லை. 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நேரும் இழப்புக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரையே. விலைமிக்க தொகுப்பாயின் தனிக் காப்பீடு குறித்து விசாரியுங்கள்; பெட்டகத்திற்கு வாரிசு நியமனமும் செய்துவிடுங்கள்.

கட்டைப் பிரிக்காதீர்

காந்தியடிகளுக்கும் அவர்தம் நண்பர் ஹெர்மன் காலன்பாக்குக்கும் தொடர்புடைய ஆவணங்கள் 2012-இல் இலண்டனில் ஏலத்திற்கு வரவிருந்தன. இந்திய அரசு முன்கூட்டியே தலையிட்டுத் தொகுப்பு முழுவதையும் வாங்கியது. தனித்தனியே விலைபோயிருப்பின், ஒரு நட்பின் வரலாறு பல நாடுகளின் அலமாரிகளில் சிதறியிருக்கும். உங்கள் இல்லத்துப் பரணிலும் பாட்டனாரின் கடிதக் கட்டு ஒன்று கிடக்கலாம். அதிலுள்ள புகழ்பெற்ற ஒரு கையொப்பத்தை மட்டும் உருவி விற்குமுன், ஒவ்வொன்றையும் எண்ணிட்டு, யார் யாருக்கு எழுதியது, எந்நாள் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். அந்த உறவுகளையும் பெயர்களையும் அறிந்த முதியவர் இன்று உங்களருகில் இருப்பின், அப்பணியை நாளைக்கென ஒத்திவைக்க வேண்டாம்.