மேஜர் பரமேசுவரன்

இராமசாமி பரமேசுவரன் 1946ஆம் ஆண்டு பம்பாயில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தார். மைசூர் தேவராஜ மொஹல்லாவில் வாழும் தமிழ்ச் சிறுவரைப் போல, அவரும் பிறமொழி வழங்கும் நகரில் வளர்ந்தவர். 1972இல் இந்தியத் தரைப்படையில் அதிகாரியானார்.

1987இல் அமைதி காக்கும் படையுடன் இலங்கை சென்றார். நவம்பர் 25ஆம் நாள் யாழ்ப்பாணப் பகுதியில், தேடுதல் பணி முடித்துத் திரும்பிய அவருடைய குழுவைப் போராளிகள் மறைந்திருந்து தாக்கினர். மார்பில் குண்டு பாய்ந்த பின்னும், உயிர் பிரியும்வரை அவர் தம் வீரர்களை வழிநடத்தினார். அவர் வீழ்ந்த மண்ணிலும் வழங்கிய மொழி தமிழே.

மறைவுக்குப் பின் அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. 2023இல் அந்தமான் தீவு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பயிற்சி

1. பரமேசுவரன் எந்நகரில் பிறந்தார்?
2. 'வழிநடத்து' – சொற்றொடரில் அமைத்து எழுதுக.
3. பரமேசுவரனின் ஊர் எது என்பீர்? காரணம் கூறுக.